குலக்கல்வி: கைவிடப்பட்ட திட்டமும் கைவிடப்படாத அரைநாளும்

நமது சூழலில் கல்வி பற்றிப் பேசுகிறவர்கள் பாடத்திட்டத்தை ஒரு பிரதியாக மட்டுமே வாசித்துப் பழகியிருக்கிறார்கள். எந்தப் பாடம் சேர்ந்தது, எந்தத் தலைவர் நீக்கப்பட்டார், வரலாற்றுப் புத்தகத்தில் யாருக்கு எத்தனை பக்கம் என்று விவாதம் அதற்குள்ளேயே சுற்றுகிறது. அச்சான புத்தகம் வகுப்பறைக்குள் போன பிறகு அதற்கு என்ன ஆகிறது என்று கேட்பவர் குறைவு. முழுதாக நடத்தப்படுகிறதா, பாதியா, பிரிக்கப்படாமலே பழைய பேப்பர் கடைக்குப் போகிறதா? சேலம் – நாமக்கல் சமவெளியை வைத்துப் பார்த்தால் இதைத் தீர்மானிப்பது பாடநூல் குழுவோ கல்வி அதிகாரியோ அல்ல. பிள்ளையின் அப்பா அம்மா என்ன தொழில் செய்கிறார்கள் என்பதுதான். வறுமையால் படிப்பு நிற்கிறது என்ற பழைய வசனத்தைத் திரும்பச் சொல்வது என் நோக்கமில்லை. வசதியானவர்களின் தொழிலும் பாடத்திட்டத்தை வெட்டுகிறது. வெட்டும் இடம்தான் வேறு.

1

உள்ளூர்க்காரர் என்பதால் ராஜாஜியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர். சேலத்தில் வக்கீல். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். 1925-ல் திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிக் கதர் வேலையைப் பரப்பினார். 1937-ல் மாகாண ஆட்சிக்கு வந்ததும் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். இந்தச் சமவெளிக் கிராமம் எப்படிப் பிழைக்கிறது என்று தெரியாமல் திட்டம் போட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. தெரிந்தவர் போட்ட திட்டம் என்பதால்தான் 1953 இன்னும் கவனத்துக்குரியதாக இருக்கிறது.

அரசாங்கம் வைத்த பெயர் 'மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்'. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் பள்ளி. அதே கட்டிடம், அதே வாத்தியார். காலையில் ஒரு கூட்டம், மதியம் இன்னொரு கூட்டம். மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோருடனோ ஊர்க் கைவினைஞருடனோ இருந்து தொழில் பழக வேண்டும். நகரத்துப் பிள்ளைகளுக்கு இது கிடையாது. காரணத்தை மூடி மறைக்கவும் இல்லை. 14 வயது வரை எல்லோருக்கும் பத்தாண்டுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்றது அரசியல் சட்டத்தின் 45-ஆம் பிரிவு. கஜானாவில் அவ்வளவு பணம் இல்லை. செலவைக் கூட்டாமல் தலைகளை இரண்டு மடங்காக்கும் கணக்கு இது. கணக்குக்கு மேலே காந்தியின் ஆதாரக் கல்வி வாசகங்கள் பூசப்பட்டன. வார்தாவில் 1937-ல் பேசப்பட்ட ஆதாரக் கல்வியில் தொழில் பள்ளிக்குள் இருந்தது, எல்லாப் பிள்ளைக்கும் பொதுவாக இருந்தது. ராஜாஜியின் திட்டத்தில் தொழில் பள்ளிக்கு வெளியே, அவரவர் வீட்டில். இந்த இடமாற்றம் சின்ன விஷயமில்லை.

பெரியார் இதைக் 'குலக்கல்வித் திட்டம்' என்றார். அரசாங்கம் வைத்த பெயர் இன்று ஆய்வாளர்களுக்கு மட்டும்தான் தெரியும்; பெரியார் வைத்த பெயர் டீக்கடையில்கூடத் தெரியும். ஒரு பெயரே விமர்சனமாகவும் தீர்ப்பாகவும் ஆன அபூர்வமான சந்தர்ப்பம் அது. 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதற்கு எதிரானது. திட்டத்தை ஆராய அமைக்கப்பட்ட பருலேகர் குழு ஆதரவாகவே அறிக்கை தந்தும் எதிர்ப்பு அடங்கவில்லை. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். மே மாதம் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தார்.

இதுவரை எல்லோரும் சொல்கிற கதை. நாம் பேச வேண்டியது இதற்குப் பிறகு உள்ள மௌனத்தை. குலக்கல்வித் திட்டம் அதன் எல்லா அயோக்கியத்தனத்துக்கும் நடுவே ஒன்றை ஒப்புக்கொண்டிருந்தது: கிராமத்துப் பிள்ளையின் நாளில் பாதி ஏற்கனவே வேறொருவருக்குச் சொந்தம். ராஜாஜி அந்தச் சொந்தத்தைப் பட்டா போட்டுக் கொடுக்கப் பார்த்தார். பட்டா ரத்தானது. நிலம் யார் கையில் இருந்ததோ அவர் கையிலேயே இருந்தது. கால அட்டவணையிலிருந்து வெளியேற்றப்பட்ட அரைநாள் வருகைப் பதிவேட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது. அதற்குப் பிறகு அது 'இடைநிற்றல்' என்றும் 'பெற்றோர் விழிப்புணர்வின்மை' என்றும் பெயர் மாறி அறிக்கைகளில் வலம் வந்தது. தொழில் என்ற சொல் மட்டும் காணாமல் போனது.

காமராஜர் இதைப் புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். 1956-ல் தொடங்கிய மதிய உணவைக் கருணை என்று வாசிப்பது போதாது. பெற்றோரிடமிருந்து அந்த அரைநாளை வாங்க அரசு கொடுத்த விலை அது. 1982-ல் எம்.ஜி.ஆர். அந்த விலையைக் கூட்டினார். 1989 முதல் முட்டை சேர்ந்தது. அந்த முட்டை நாமக்கல் பண்ணைகளுக்கு ஒரு பெரிய சந்தையாகவும் ஆனது வேறு கதை, அதற்குப் பின்னால் வருவோம். 2022-ல் காலைச் சிற்றுண்டி வந்தது. எட்டு வயதுப் பிள்ளையின் அரைநாளை ஒரு வேளைச் சோற்றுக்கு வாங்கிவிடலாம். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அந்தக் கைகளின் சந்தை விலை ஏறிவிடுகிறது. அரசின் விலை ஏறுவதில்லை.

2

இந்த இடத்தில் வேறொரு வாசிப்பையும் எதிர்கொள்ள வேண்டும். பள்ளி என்பதே ஒரு ஒழுங்குபடுத்தும் நிறுவனம், சிறைச்சாலைக்கும் தொழிற்சாலைக்கும் தம்பி என்று ஃபூக்கோவைப் படித்த நண்பர்கள் சொல்கிறார்கள். இவான் இலிச்சின் 'பள்ளி நீக்கிய சமூகம்' (1971) பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். வாழ்க்கையோடு ஒட்டிய கல்வி, வீட்டுத் தறியே பல்கலைக்கழகம் என்றெல்லாம் நீட்டிக்கொண்டே போனால் ராஜாஜியை இலிச்சின் முன்னோடி என்று நிறுவிவிடக்கூடத் தயங்க மாட்டார்கள். அப்படி ஒரு கட்டுரை வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

பள்ளி அதிகாரத்தின் நிறுவனம்தான். வீடு மட்டும் என்ன, அதிகாரம் நுழையாத ஆசிரமமா? நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு அரைநாள் தறி என்றால் கேட்க அழகாக இருக்கலாம். பண்ணையத்துக்கு விடப்பட்ட அருந்ததியர் வீட்டுப் பிள்ளைக்கு அரைநாள் எது? பெருமாள்முருகனின் 'கூள மாதாரி' (2000) காட்டும் உலகம் இந்தச் சமவெளியுடையதுதான்: வருசக் கூலிக்குப் பேசி விடப்பட்டு, கவுண்டர் வீட்டு ஆடுகளை மேய்க்கிற சிறுவர்கள். அவர்கள் பெற்றோரின் 'தொழில்' என்பது இன்னொருவரின் காடும் தொழுவமும். சாக்கடை அள்ளுகிறவரின் மகன் அரைநாள் என்ன பழகுவான்? பெண் பிள்ளை என்றால் கேள்வியே இல்லை, அம்மாவுக்குக் கூடமாட இருக்க வேண்டியதுதான். அதைத் தொழில் என்று எண்ணக்கூட யாரும் மெனக்கெடவில்லை. நகரத்தில் குமாஸ்தா மகனுக்கு இந்த அரைநாள் ஏன் இல்லை என்ற ஒரே கேள்வியில் திட்டம் முழுசாக உடைந்து விழுகிறது. அவனுடைய அப்பாவின் தொழில் ஐந்து மணி நேரப் பள்ளிக்கு உள்ளேயே இருந்தது. எழுத்து, கணக்கு, ஃபைல்.

மைரன் வீனர் 1991-ல் எழுதிய 'இந்தியாவில் குழந்தையும் அரசும்' நூலின் வாதம் இதற்குப் பக்கத்தில் வருகிறது. ஏழ்மை காரணமாக அல்ல, கையால் உழைப்பவர் பிள்ளை கையால்தான் உழைக்கும் என்று மேல்தட்டு மனதுக்குள் நம்புவதால்தான் இந்தியாவில் கட்டாயக் கல்வி வரவில்லை என்றார் அவர். வெளியாள் என்பதால் கொஞ்சம் கறாராகச் சொல்லிவிட்டார். ஆனால் சட்டங்களைப் பார்த்தால் மறுக்க முடியவில்லை. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், துணி அச்சிடல், சாயம் போடுதல், நெசவு ஆகியவற்றில் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. அதே பிரிவில் ஒரு விலக்கு: முதலாளி தன் குடும்பத்தாரைக் கொண்டு நடத்தும் பட்டறைக்கு இது பொருந்தாது. 2016 திருத்தம் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எல்லா வேலையையும் தடை செய்துவிட்டு, பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் அபாயமில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்றது. 1953-ல் மதியம் பள்ளி விட்டதும் தறி. 2016-ல் சாயங்காலம் பள்ளி விட்டதும் தறி. இதை எதிர்த்து இங்கே மும்முனை வேண்டாம், ஒரு முனைப் போராட்டமாவது நடந்ததா? சட்டத்தின் பார்வையில் 'குடும்பம்' என்பது ஒரு புனிதமான கதவு. அதற்குள்ளே என்ன நடந்தாலும் அது பாசம்.

3

இனி தறிக்கு வருவோம். பவானிக்கு எதிர்க்கரையில் குமாரபாளையம், ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் பள்ளிபாளையம். காவிரியின் இந்தக் கரையில் தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். சேலம் பக்கம் இளம்பிள்ளை, தாரமங்கலம், ஜலகண்டாபுரம். இங்கே தறியோட்டுகிறவர் கூலியாள். தறி அவருடையது அல்ல. வீட்டுத் தறியில் அப்பனும் பிள்ளையும் நெய்கிற கிராமியச் சித்திரத்துக்கும் இதற்கும் தொடர்பு கம்மி. வேலையில் சேரும்போதே முன்பணம் வாங்கிக்கொள்வார்கள். அதற்கு இங்கே 'பாக்கி' என்று பெயர். மானுடவியலாளர் கீர்ட் டி நெவ் இந்தப் பாக்கியைப் பற்றி 1999-ல் ஒரு நல்ல கட்டுரை எழுதியிருக்கிறார். பாக்கி ஆளைக் கட்டிப்போடுகிறது என்பது ஒரு பக்கம். அதைக் கேட்டு வாங்குவதிலும் விட்டுவிட்டு ஓடுவதிலும் தொழிலாளி தன் பேரத்தை நடத்துகிறான் என்பது இன்னொரு பக்கம். அடிமை, சுதந்திரம் என்ற இரண்டு டப்பாக்களில் எதிலும் அடங்காத உறவு.

இந்தப் பாக்கி பாடத்திட்டத்தை எப்படித் தொடுகிறது? பாக்கி தீராமல் அடுத்த தறிக்குடோனுக்கு மாற முடியாது. மாறினால் புது முதலாளி பழைய பாக்கியை அடைத்து ஆளை எடுத்துக்கொள்வார். அப்படி மாறும்போது வீடும் மாறும், சில நேரம் ஊரும் மாறும். அக்டோபரில் மாறினால் பிள்ளைக்கு அரையாண்டுப் பாடம் இரண்டு பள்ளிகளுக்கு நடுவில் விழுந்துவிடும். பழைய பள்ளியில் பின்னத்துக்கு இன்னும் வரவில்லை, புதுப் பள்ளியில் பின்னத்தை முடித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை வாழ்நாளில் பின்னம் படிக்கவே இல்லை. ஆறாம் வகுப்புக் கணக்கில் 'இவனுக்கு மண்டையில ஏறலை' என்று வாத்தியார் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. ஏறாமல் போனது மண்டையால் அல்ல, பாக்கியால் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. அவர் கையில் இருக்கிற படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

தறி ராத்திரியும் ஓடும். அப்பா ராத்திரி ஷிப்ட், அம்மா பகல் ஷிப்ட் என்றால் தம்பியைப் பார்த்துக்கொள்வது ஐந்தாவது படிக்கிற அக்கா. வீட்டுப்பாடம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவன் சத்தமில்லாத வீடும், விளக்கும், சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு பெரியவரும் எல்லோருக்கும் உண்டு என்று நம்பியிருக்கிறான். செயல்வழிக் கற்றல் என்று 2007 வாக்கில் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் அட்டைகளும் ஏணிப்படிகளும் வந்தன. பிள்ளை தன் வேகத்தில் ஏறலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பது அதன் அடிப்படை. வந்து வந்து போகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்று இன்றும் சொல்வேன். அதை வைத்துத் 'தறிக்காரங்க பிள்ளைங்க விளையாடிட்டு வீட்டுக்குப் போவுதுங்க' என்று முனகியவர்களும் உண்டு. முனகியவர்களின் பிள்ளைகள் மெட்ரிகுலேஷனில் ஏ ஃபார் ஆப்பிள் ஒப்பித்துக்கொண்டிருந்தன. சமச்சீர் வந்தது அதற்குப் பிறகு.

பதின்மூன்று பதினான்கு வயதில் பையன் தார் சுற்றுவதிலிருந்து தறிக்கு நகர்கிறான். அவனுக்கும் தனியாகப் பாக்கி தரத் தயாராக இருக்கிறார்கள். அக்கா கல்யாணக் கடன் அதில் அடையும். தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் சேலத்திலும் நாமக்கல்லிலும் பல காலம் நடந்தன; பிள்ளைகளை மீட்டன. பாக்கியை யாரும் மீட்கவில்லை. 2025-ல் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரக விற்பனை செய்தியானபோது பேப்பர்கள் அதிர்ந்தன. கடனுக்கு உடம்பையே பிரித்து விற்கும் இடத்தில் பிள்ளையின் ஒன்பதாம் வகுப்பு எந்த மூலைக்கு?

ஒன்று சொல்ல வேண்டும். இவர்களிடம் 'விழிப்புணர்வு' இல்லை என்பது பச்சைப் பொய். 'எங்களோட போகட்டுமுங்க, பையனாவது நெழல்ல உக்காந்து பொழைக்கட்டும்' என்ற வாசகத்தை இந்தத் தெருக்களில் கேட்காத ஆள் இருக்க முடியாது. இதுதான் இந்தச் சமவெளியின் மிகப் பெரிய கல்விக் கொள்கை ஆவணம். வெயிலுக்கு எதிரான ஆவணம்.

4

அதே வாசகம் நிழலை விலைக்கு வாங்கக்கூடியவர்கள் கையில் என்ன ஆயிற்று என்பது கதையின் மறுபாதி. நாமக்கல் 1997-ல் தனி மாவட்டமானது. லாரியும், லாரிக்குப் பாடி கட்டுவதும், முட்டையும் நாமக்கல். போர் வண்டி திருச்செங்கோடு. ரிக் வண்டிகள் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று வடக்கே போய் மாதக்கணக்கில் நிலத்தைத் துளைத்துவிட்டு வரும். இவற்றில் எதுவும் பரம்பரைத் தொழில் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். மானாவாரிக் காட்டை நம்பியிருந்தவர்கள் ஒரு தலைமுறைக்குள் ஏறிப் பிடித்த தொழில்கள். அப்பன் காட்டில், மகன் வண்டியில். பேரன்? வண்டித் தொழிலின் அலைச்சலும் கடனும் விபத்தும் தெரிந்தவர்கள் பேரனை டாக்டராகவோ இன்ஜினியராகவோ பார்க்க நினைத்தார்கள். வருசத்தில் பாதி நாள் வீட்டில் இல்லாத அப்பன் பிள்ளையை விடுதியில் விடாமல் எங்கே விடுவான்? தொழிலின் தன்மையே விடுதிப் பள்ளியைக் கேட்டது. பணம் கட்டத் தெம்பு இருந்தது. பங்குதாரர்கள் கூடித் தொழில் நடத்தும் பழக்கமும் இருந்தது. வண்டியில் பங்கு போடுகிற மாதிரி பள்ளியிலும் பங்கு போட்டார்கள்.

2006-ல் தமிழக அரசு தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வை ஒழித்தது. கிராமத்துப் பிள்ளைக்காகச் செய்யப்பட்ட நியாயமான காரியம். 2007 முதல் 2016 வரை பத்தாண்டுகள் பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே மருத்துவம், பொறியியல் இரண்டுக்கும் திறவுகோல். பிளஸ் ஒன்னுக்கு அப்போது பொதுத் தேர்வு இல்லை. முதலீட்டுக் கண்ணோட்டத்தில் பிளஸ் ஒன் என்பது வருமானமே தராத வண்டி. அதை ஷெட்டில் நிறுத்தினார்கள். பதினோராம் வகுப்பில் சேர்ந்த முதல் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் கைக்கு வந்தது. இரண்டு வருசம் ஒரே புத்தகம். வரிக்கு வரி, அடைப்புக்குறி உட்பட. பத்தாம் வகுப்புப் புத்தகத்தை ஒன்பதிலேயே தொடங்கிவிடுவதும் கூடவே வந்தது. மாநில ரேங்க் பட்டியலில் நாமக்கல் மாவட்டப் பெயர் வந்துகொண்டே இருந்தது. கடலோர மாவட்டங்களிலிருந்தெல்லாம் பெட்டியோடு பிள்ளைகள் வந்து இறங்கினார்கள்.

இவற்றை 'பிராய்லர் பள்ளிகள்' என்று சென்னையிலிருந்து எழுதினார்கள். வேளாண் விஷயத்தில் நம் விமர்சகர்களின் அறிவு இவ்வளவுதான். நாமக்கல் பெரும்பாலும் முட்டைக் கோழி. பிராய்லர் தரையில் வளர்ந்து ஆறு வாரத்தில் முடிந்துவிடும். முட்டைக் கோழி கூண்டில் இருக்கும், முட்டை கூட வேண்டுமென்று அதற்கு நாளைப் பதினாறு மணி நேரமாக நீட்டி விளக்கு போட்டுவைப்பார்கள். காலை ஐந்து மணிக்கு எழுப்பி ராத்திரி பத்து வரை 'ஸ்டடி' வைக்கும் விடுதிக்கு எந்த உருவகம் பொருந்தும் என்று வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம். உருவகம் இருக்கட்டும். பூர்தியூவும் பாஸரோனும் 1970-ல் பள்ளியைப் பற்றிச் சொன்னது, குடும்பம் தந்த சொத்தைப் பள்ளி 'திறமை' என்று முத்திரை குத்தித் திருப்பித் தருகிறது என்பது. அவர்கள் பேசியது பாரிஸ் மேட்டுக்குடியின் பண்பாட்டுச் சொத்தைப் பற்றி. இங்கே முதல் தலைமுறையாகப் பணம் பார்த்தவர்களிடம் அந்தப் பண்பாட்டுச் சொத்து கிடையாது. வீட்டில் புத்தக அலமாரி இல்லை, இங்கிலீஷ் இல்லை. அதனால் அவர்கள் குறுக்கே போனார்கள். இருப்பதிலேயே அளக்கக்கூடிய ஒரே ஒரு பொருளை, மதிப்பெண்ணை, பண்ணை முறையில் உற்பத்தி செய்தார்கள். இதை வெறும் பேராசை என்று திட்டுவதில் ஒரு மேட்டுக்குடித் தொனி இருக்கிறது. அந்தத் தொனியில் என்னால் பேச முடியாது.

திட்டாமல் இருப்பதற்காக நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியுமா? பிளஸ் ஒன் இயற்பியலில் விசையும் வேலையும் இருக்கின்றன, வேதியியலில் மோல் கணக்கு இருக்கிறது, உயிரியலில் செல். அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்டப்பட்டது. 2017-ல் நீட் வந்தபோது பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்து கேள்வியாக வந்தன, மாடி ஆடியது. நீட்டை எதிர்ப்பதற்கு வேறு வலுவான காரணங்கள் இருக்கின்றன. பள்ளிப் படிப்புக்கு மேலே கோச்சிங் காசு என்ற இன்னொரு சுவரை அது எழுப்பியது, அந்தச் சுவரில் முதலில் முட்டியது தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. விடுதிக்காரர்களோ கோச்சிங் போர்டு மாட்டிக்கொண்டார்கள். அந்த எதிர்ப்புக்குள் பிளஸ் ஒன் விஷயத்தைப் போர்வை போட்டு மூடியது நம் அரசியலின் சாமர்த்தியம்.

அரசு விழித்துக்கொண்டு 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு நடத்தியது. ரேங்க் பட்டியலை அதற்கு முந்தின வருசமே நிறுத்தியிருந்தார்கள். 2018 செப்டம்பரிலேயே, பிளஸ் ஒன் மதிப்பெண் உயர்கல்விச் சேர்க்கைக்குக் கணக்கில் வராது என்று அறிவித்தாயிற்று. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வே போய்விட்டது. பிள்ளைகள் மேல் தேர்வுச் சுமை என்பது காரணம். சரிதான். ஒரு பாடத்தை நடத்த வைக்கத் தேர்வைத் தவிர வேறு வழி அரசுக்குத் தெரியாது என்ற உண்மையும் அதில் இருக்கிறது. தேர்வு இல்லாத புத்தகம் இங்கே புத்தகமே இல்லை. இனிமேல் அந்த விடுதிகளில் பதினோராம் வகுப்புப் புத்தகம் திறக்கப்படுமா என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

5

அப்படியென்றால் அச்சில் ஒரு பாடத்திட்டம், நடப்பில் குறைந்தது மூன்று. விடுதிக்காரர் வெட்டுவதைப் பார்த்தோம். தறித்தெருவில் வெட்டுப்படுவதையும் பார்த்தோம். மூன்றாவது வெட்டு அரசுப் பள்ளிக்குள்ளேயே, நல்லெண்ணத்தோடு நடக்கிறது. அதற்கு 'மெல்லக் கற்போர் கையேடு' என்று பெயர். பத்தாம் வகுப்பில் தேறுவதே கடினம் என்று கருதப்படும் பிள்ளைகளுக்கு முக்கியக் கேள்விகள் மட்டும் பொறுக்கிக் கொடுத்து, திரும்பத் திரும்ப எழுத வைத்து, 35 மதிப்பெண்ணுக்குக் கொண்டுபோவது. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் தலைமையாசிரியருக்கு விளக்கக் கடிதம் வரும் என்பதால் இது இயக்கமாகவே நடந்தது. வரைபடத்தில் சில இடங்கள், ஒரு வடிவியல் வரைதல், ஒரு மனப்பாடப் பகுதி. அந்தப் பிள்ளைக்கு அதுதான் சமச்சீர்.

மெல்லக் கற்பவர் யார்? அந்தப் பட்டியலை எடுத்துப் பெயருக்கு நேரே அப்பா அம்மா தொழிலை எழுதிப் பாருங்கள். தறி, செங்கல் சூளை, சேகோ ஃபேக்டரி களம், வெள்ளிக் கொலுசுப் பட்டறை, பண்ணையம். கற்கும் வேகம் என்று உளவியல் மொழியில் சொல்லப்படுவது ஒரு வகைத் தொழில் கணக்கெடுப்பு. விடுதியில் ஒரே புத்தகத்தை இரண்டு வருசம் உருப்போட்ட பையனை யாரும் மெல்லக் கற்பவன் என்று சொன்னதில்லை.

பால் வில்லிஸ் 1977-ல் வெளியான நூலில் காட்டிய, இங்கிலாந்தின் தொழிற்பேட்டை ஊரொன்றின் பையன்கள் பள்ளியைக் கிண்டல் செய்து, வாத்தியாரைப் பழித்து, அந்தக் கலகத்தின் வழியாகவே அப்பாவின் தொழிற்சாலைக்கு விரும்பிப் போய்ச் சேர்ந்தார்கள். நம்மூர் ஒன்பதாம் வகுப்புக் கடைசி பெஞ்சும் கலகம் செய்கிறது. லாரி கிளீனராகப் போனவன் தீபாவளிக்குப் புதுச் சட்டையும் செல்போனுமாக வந்து பள்ளி வாசலில் நிற்கிறான். ஒரு வித்தியாசம்: வில்லிஸின் பையன்களுக்குத் தொழிற்சாலை வேலையில் ஒரு ஆண்மைப் பெருமை இருந்தது. தறிக்குடோனில் யாருக்கும் அந்தப் பெருமை இல்லை. அதனால் இங்கே தந்தையின் தொழிலை நோக்கி அல்ல, அதிலிருந்து ஓடி இன்னொருவர் தந்தையின் தொழிலுக்குள் போய் விழுகிறார்கள். குலக்கல்வி என்ற பழைய சொல்லால் இதைப் பிடிக்க முடியாது. குலம் கலைந்து கூலி மட்டும் மிஞ்சிய இடம் இது.

6

குலக்கல்வி எதிர்ப்பு நமக்குக் கொடுத்த ஒரு பக்க விளைவையும் பேசிவிட வேண்டும். தொழில் என்றாலே சாதி, ஆகவே பள்ளிக்குள் தொழில் வரக் கூடாது என்பது பொதுப் புத்தியாகிவிட்டது. அந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023-ல் பதினெட்டு வயதையும் குருசிஷ்யப் பரம்பரையையும் முன்வைத்து வந்தபோது தமிழ்நாடு அந்த வடிவில் ஏற்க மறுத்தது சரிதான். பதினெட்டு என்பது கல்லூரி வாசலில் நிற்கிற வயது.

ஆனால் பாடநூலிலிருந்து தறியை முழுக்க விரட்டியதில் யாருக்கு லாபம்? பழைய உயர்நிலைப் பள்ளிகளில் நெசவு வாத்தியார் என்று ஒருவர் இருந்தார். தறி மூலையில் கிடந்தது, அவர் பெரும்பாலும் வேறு வகுப்புகளுக்கு மேய்க்கப் போனார், ஓய்வு பெற்றார். 1978-ல் மேல்நிலை வந்தபோது தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. அதில் யார் சேர்க்கப்பட்டார்கள் என்று சொல்லவே வேண்டாம். தொழில் பாடமாக வந்தபோதெல்லாம் அது தொழிலாளி பிள்ளைக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட பாடமாகவே வந்தது. 1953-ன் தர்க்கம் அப்படியே.

நான் சொல்வது வேறு. 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடையில் 40 சிட்டம். சிட்டத்துக்கு 840 கஜம். ஆகப் பவுண்டுக்கு 33,600 கஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலிகிறது. தலைகீழ் விகிதத்தை இதைவிடச் சுலபமாகச் சொல்லித்தர முடியுமா? பாவில் எத்தனை இழை, அச்சில் எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை மீட்டர், மீட்டருக்கு என்ன கூலி, பாக்கிக்கு எவ்வளவு பிடித்தம், பிடித்தம் போக எத்தனை வாரத்தில் கடன் தீரும்? இந்தக் கணக்கு பள்ளிபாளையத்துப் பிள்ளைக்கு மட்டும் என்றால் அது குலக்கல்வி. விடுதியில் இருக்கிற ரிக் முதலாளி மகனுக்கும், சேலத்து டாக்டர் மகளுக்கும், சென்னை அதிகாரியின் பேரனுக்கும் அதே பக்கத்தில், அதே தேர்வில் என்றால் அதற்கு வேறு பெயர். 'ஒரு வியாபாரி ஒரு பொருளை 20 சதவீத லாபத்தில் விற்றால்' என்று தலைமுறை தலைமுறையாக எல்லாப் பிள்ளைகளையும் கடைக்காரராக நினைக்கவைத்த கணக்குப் புத்தகத்தில், பாக்கி வாங்கியவரின் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு ஏன் இருக்கக் கூடாது? வியாபாரியின் தொழில் மட்டும் 'பொது அறிவு', நெசவாளியின் தொழில் 'குலத்தொழில்' என்ற பிரிவினையை யார் செய்தது?

பாடநூல் குழுக்களில் உட்காருகிறவர்களுக்குத் தறிக்காரர்கள் இப்போது வேறு சிக்கலையும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளூர்ப் பையன்கள் தறியை விட்டு ஓட ஓட, குடோன்களிலும் கோழிப் பண்ணைகளிலும் ஒடியா, இந்தி, வங்காளி பேசும் ஆட்கள் குடும்பத்தோடு வந்து தங்குகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தமிழ்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. சீசன் முடிந்ததும் இருக்குமா, போய்விடுமா என்று டீச்சருக்குத் தெரியாது. முதல் பருவப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, இரண்டாம் பருவத்துக்கான எண்ணிக்கையில் அந்தப் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.